மதினி கொண்டுவந்த சீர்க்கூடைகள்

என் மகளின் காதணி விழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸில், என் அண்ணனின் தோளில் நான்கு விரல்கள் இருந்தன. விரல்கள் மட்டும்தான். அவற்றுக்கு உரியவளைக் காணோம். அண்ணனும் மதினியும் சேர்ந்து நின்ற கல்யாணப் படத்திலிருந்து மதினியை வெட்டிவிட்டு, அவனை மட்டும் எடுத்து, கீழே ‘தாய்மாமன்’ என்று போட்டிருந்தார்கள். அண்ணன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. மதினி நல்ல கறுப்பு. தெருமுனையிலிருந்து பார்த்தாலே அந்த விரல்கள் தெரிந்தன.

தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ் அடித்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். போன் போட்டுக் கத்தினேன். “நான் என்னக்கா பண்ண? உங்க சித்திதான் பக்கத்துல ஒக்காந்து, இத வெட்டு, அத வெட்டுன்னாங்க” என்றார். சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் யார் படம் எங்கே வரலாம், யார் எந்த வரிசையில் உட்காரலாம் என்பதெல்லாம் அவளுடைய இலாகா. அவளிடம் கேட்டால், “விடுத்தா, வெரல யாரு பாக்கப் போறா” என்றாள். ஊரே அதைத்தான் பார்த்தது.

என் அண்ணன் போர்வெல் வண்டியில் போனவன். முதலில் ஆந்திரா, பிறகு ராஜஸ்தான், அங்கிருந்து கப்பலேற்றிய வண்டியோடு ஆப்பிரிக்கா. வடக்குக் கானாவில் ஊர் ஊராகத் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொடுப்பது வேலை. அப்படிப் போன ஓர் ஊரில், மரத்தடியில் பத்திருபது பெண்கள் புல்லில் கூடை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக வியாபாரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்து, வண்டிச் சத்தத்தில் விலை காதில் விழவில்லை, நிறுத்து என்று சண்டை போட்டிருக்கிறாள். இவன் நிறுத்தியிருக்கிறான். வீட்டில் அம்மாவும் அப்பாவும் சொல்லி எதற்குமே நிற்காதவன் அவளுக்காக நிறுத்தினான் என்றால் மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவளைத்தான் கட்டிக்கொண்டான்.

அப்பா அன்றோடு அவனிடம் பேசுவதை விட்டார். அப்பாவுக்குச் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். கொடியோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதர்களோடு பேசமாட்டார் என்பதால் அது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. அம்மா அழுதாள். சித்தி மட்டும் விவரம் கேட்டாள். “புள்ள என்ன வேலை பாக்குது?” கூடை பின்னுகிறாள் என்றேன். “கூடையா?” என்று கேட்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்தச் சுளிப்பு எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்தில் மூங்கில் கூடை முடைகிறவர்களை வாசல் தாண்ட விடமாட்டார்கள். அவர்கள் முடைந்த கூடை மட்டும் உள்ளே வரலாம். அதுவும் சாணி அள்ள, மண் அள்ள. கறுப்பைக்கூட எங்கள் ஆட்கள் எப்படியாவது பொறுத்துக்கொண்டிருப்பார்கள், கூடையைத்தான் பொறுக்க முடியவில்லை. இதே அண்ணன் ஒரு வெள்ளைக்காரியைக் கூட்டி வந்திருந்தால் சித்தியே செலவு செய்து அவளுக்குத் தனி ஃப்ளெக்ஸ் வைத்திருப்பாள். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

என் மகளுக்கு மூன்று வயதானபோது அழகர்கோவிலில் முடி இறக்கிக் காது குத்துவது என்று முடிவானது. எங்கள் வழக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். மாமன் சீர் கொண்டுவர வேண்டும். சீரென்றால் தட்டுகள் மட்டுமில்லை. அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாமன் வீட்டுச் சொந்தங்கள் மேளத்தோடு நடந்து வர வேண்டும். எத்தனை பேர் வருகிறார்களோ அதுதான் பெண்ணுக்கு மரியாதை. அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அப்பாவோடு பேசாமலிருந்தாலும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று அவனும் நம்பினான், நானும் நம்பினேன்.

மண்டபம் பேசி, பத்திரிகை அடித்த பிறகு, வண்டியிலிருந்து ஒரு குழாய் சரிந்து அவன் காலில் விழுந்தது. எலும்பு முறிவு. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோ அழைப்பில் மாவுக்கட்டைக் காட்டிவிட்டு, “இவளை அனுப்புறேன். எனக்குப் பதிலா இவ மடியில வையி” என்றான். பின்னாலிருந்து மதினி தலையை நீட்டி, “வாரேன்” என்றாள்.

சித்தி உடனே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய மகனும் முறைப்படி எனக்குத் தம்பி, என் மகளுக்குத் தாய்மாமன்தான். அவன் உட்காரட்டும் என்றாள். தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல பையன். ஆனால் கூடப் பிறந்தவன் இருக்கும்போது, அவன் பெண்டாட்டியே கடல் தாண்டிச் சீர் கொண்டுவரும்போது, எதற்கு இன்னொருவன்? மாமன் ஊரில் இல்லாவிட்டால் மாமன் பெண்டாட்டி மடியில் வைத்துக் குத்துவது எங்கள் சொந்தத்திலேயே எத்தனையோ முறை நடந்திருக்கிறது. சோழவந்தான் போய் அப்பாவிடம் கேட்டேன். அகத்திக் கிளைக்கு நடுவிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல், “வரச் சொல்லு. மடி விசயத்த அங்க வச்சுப் பாத்துக்கலாம்” என்றார். வரச் சொன்னதே பெரிது என்று திரும்பி வந்தேன். மற்ற பாதியையும் அங்கேயே பேசி முடித்திருக்கலாம். அவரிடம் அதற்கு மேல் யார் பேச முடியும்?

விழாவுக்கு முந்தின நாள் காலையில் மதுரை விமான நிலையத்தில் இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு பெரிய சாக்கு மூட்டை. என்னைக் கட்டிக்கொண்டு தூக்கி இறக்கினாள். அவளுடைய தமிழ் முழுக்கப் போர்வெல் வண்டித் தமிழ். ‘ஏத்து’, ‘எறக்கு’, ‘ஊத்து’, ‘நிறுத்து’ எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மரியாதைக்கு இரண்டே வார்த்தை: வயதில் பெரியவர் என்றால் அண்ணே, மற்றவர் எல்லோரும் மாப்ள. வீட்டு வாசலில் என் கணவரிடம், “மாப்ள, மூட்டைய எறக்கு” என்றாள். அவர் வேலை பார்க்கும் மின்வாரியத்தில் இத்தனை வருடம் யாரும் அவரை இப்படி அதட்டியதில்லை போல. அவர் மறுபேச்சில்லாமல் இறக்கினார்.

மொட்டை மாடியில் வைத்து மூட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒன்பது கூடைகள், எல்லாமே நசுங்கித் தட்டையாகிக் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்தாள். அம்மா முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, “வழியில போட்டு மிதிச்சுட்டாய்ங்க போலடி” என்று வருத்தப்பட்டாள். மதினிக்கு அது புரிந்ததோ என்னவோ, “தண்ணி ஊத்து” என்றாள்.

பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பினேன். ஒவ்வொரு கூடையாக முக்கி, ஊறவைத்து எடுத்தாள். முழங்காலில் கவிழ்த்து, கையை முஷ்டியாக்கி உள்ளே விட்டு, சுற்றிச் சுற்றி அழுத்தினாள். அடி உருண்டது, வயிறு வந்தது, வாய் விரிந்தது. மஞ்சள், சிவப்பு, பச்சை. கறுப்புக் கோடு போட்டால்தான் அங்கே வியாபாரம் ஆகுமாம். நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்று அண்ணன் சொன்னதால் ஒன்றில்கூடக் கறுப்பு சேர்க்கவில்லை. காயும்வரை வடிவம் நிற்க உள்ளே எதையாவது வைக்க வேண்டும் என்றாள். வீட்டிலிருந்த குடம், இட்லிப் பானை, குக்கர் எல்லாம் மாடிக்குப் போயின. ஒரு கூடைக்குள் என் கணவரின் ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது.

நான் மெச்சிக்கொண்டு நின்றபோது, அவள் ஒவ்வொரு கூடையின் விளிம்பையும் தொட்டுக் காட்டினாள். விளிம்பை முடிப்பது ஆளுக்கு ஆள் மாறுமாம். பார்த்தவுடன் யார் கை என்று சொல்லிவிடலாமாம். இது நான். இது அக்கா. இது அப்பாவின் தங்கை. இது பக்கத்து வீடு, ஆனால் சொந்தம் மாதிரி. ஒன்றின் விளிம்பு மட்டும் ஏறி இறங்கி நின்றது. அது அவள் அம்மாவுடையது. கண் சரியாகத் தெரியாது, தடவித் தடவிப் பின்னியது, வேறு யாரையும் தொடவிடவில்லை என்றாள்.

எதற்கு இத்தனை பேர் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னாள்: “உன் அண்ணன் சொன்னான். சீர்னா சொந்தக்காரங்க எல்லாரும் தூக்கிட்டு வரணும். அவங்களுக்கு விசா இல்ல. டிக்கெட் இல்ல. அதான் ஆளுக்கு ஒரு கூடை. ஆள் வரல, கூடை வந்துருச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதற்கே ஆட்டோ அனுப்ப வேண்டும். யாரென்றே தெரியாத என் மகளுக்காக ஒன்பது பெண்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புல்லைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அழுவதைப் பார்த்து அவள், “மாப்ள, தண்ணி வந்துருச்சு” என்று என் கன்னத்தைத் துடைத்தாள்.

மத்தியானம் சித்தி வந்தாள். மாடி முழுக்கப் பார்த்தாள். மதினியை மட்டும் பார்க்கவில்லை. “மண்ணள்ளுற கூடையில சீரா? மேளம் அடிக்கிறவனே சிரிப்பானேடி” என்று அம்மாவின் காதில் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நான் சண்டைக்குப் போனேன். யாருடைய கூடை எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சித்தி, “சரித்தா, சரித்தா” என்று இறங்கிப் போனாள். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆளில்லை என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அப்பா வந்தார். விருந்துக்கு வேண்டிய வெற்றிலையை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் எடுத்து வந்திருந்தார். வெற்றிலை வாடாமல் இருக்க நல்ல இடமாகப் பார்த்து மாடிக்கு ஏறியவர், கூடைகளைப் பார்த்து நின்றுவிட்டார். மதினி எழுந்து, “அண்ணே, சாப்டியா?” என்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, “இது என்ன புல்லு?” என்று கேட்டார்.

ஆளுயரம் வளர்கிற புல் என்று சொல்லி, எப்படிக் கிழிப்பது என்று மதினியே காட்டினாள். பையில் மிச்சமிருந்த ஒரு புல்தாளை எடுத்து, நுனியைப் பல்லில் கடித்து இரண்டாகப் பிளந்தாள். இரண்டையும் உள்ளங்கையில் உருட்டி ஒன்றாக முறுக்கினாள். அப்பா வெற்றிலைக் கட்டிலிருந்து ஒரு வாழைநாரை உருவி அவளிடம் நீட்டினார். கொடியை அகத்தியில் கட்டுகிற நார். அவள் அதையும் பிளந்து முறுக்கித் திருப்பிக் கொடுத்தாள். அப்பா இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், அறவில்லை. அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று.

பிறகு அவரே ஒரு கூடையை எடுத்தார். விளிம்பு ஏறி இறங்கி இருந்ததே, அதை. “அது எங்கம்மா” என்றாள் மதினி. அப்பாவுக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன்: ஆள் வர முடியாததால் கூடை வந்திருக்கிறது, இது இவளுடைய அம்மா பின்னியது, அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. அப்பா கடைசிவரை கேட்டார். விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவினார். உள்ளே ஈரத்துணி விரித்து, வெற்றிலையை ஒவ்வொரு கவுளிக் கட்டாக எடுத்து அடுக்கினார். “இதுல வச்சா காத்து போகும். எல வாடாது” என்று பொதுவாகச் சொன்னார். நான் கீழே இறங்கி வந்து அண்ணனுக்கு போன் போட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்றேன்.

மறுநாள் காலை எல்லோரும் அழகர்கோவில் போய்ச் சேர்ந்தோம். கூடைகளும் சீர்ச் சாமான்களும் அம்மா, சித்தியோடு வேனில் முன்னால் போயின. மதினிக்கு நான் சேலை கட்டிவிட்டேன். பழம், பூ, தேங்காய், பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை, எதை எந்தக் கூடையில் வைக்க வேண்டும் என்று காரில் வரும்போதே அவள் என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். பூ தன் அக்காவின் கூடையில் என்றாள். அக்காவுக்குப் பூ என்றால் உயிராம்.

பிள்ளைக்கு முடி இறக்கிக் குளிப்பாட்டி நான் மண்டப வாசலுக்கு வந்தபோது தெருமுனையில் மேளம் கிளம்பிவிட்டது. சீரை எதிர்கொண்டு ஆரத்தி எடுக்க வேண்டியவள் நான். தட்டோடு நின்றேன். முதலில் வந்தது சித்தி. அவள் கையில் எவர்சில்வர் தாம்பாளம், மேலே வலைத்துணி, சரிகை ரிப்பன். பின்னால் சித்தி வீட்டுப் பெண்கள் எல்லோர் கையிலும் அதே தாம்பாளம், அதே ரிப்பன். மதினி நடு வரிசையில் வந்தாள். அவள் கையில் ஒரு தாம்பாளத்தைத் திணித்திருந்தார்கள், ஆப்பிள் தட்டு. என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தாள். கூடை எங்கே என்று கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

ஆரத்தித் தட்டோடு அம்மாவைப் பார்த்தேன். “நாலு பேரு பாக்குற எடம்டி. சாமான் எல்லாம் அவ வாங்குனதுதான், தட்டு மட்டுந்தான மாத்துனோம்” என்றாள் அம்மா, கும்பிடுகிற குரலில். கூடைகள் பின்கட்டில் சமையற்காரர்கள் பக்கம் பத்திரமாக இருக்கின்றன, வெற்றிலை அதிலேயேதான் இருக்கிறது என்றாள். மேளத்துக்கு நடுவில் என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஆரத்தி சுற்றினேன். சித்திக்குச் சுற்றிய ஆரத்தியை நினைத்தால் இன்றும் என் கை எரிகிறது.

மேடையில் ஆசாரி தோட்டையும் ஊசியையும் எடுத்து வைத்துவிட்டு, “மாமன் மடி யாரு?” என்று கேட்டார். தம்பி ஏற்கெனவே மணையில் உட்கார்ந்திருந்தான். தோளில் புதுத் துண்டு. யார் போட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை. “எங்க மதினி மடியிலதான்” என்றேன். மதினி மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. “அக்கா, நான் வேணும்னா எந்திரிச்சிர்றேன்” என்றான். சித்தி அவன் தோளை அழுத்தினாள்.

அப்பா முன்வரிசையில் இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். முந்தின நாள் விளிம்பைத் தடவிய கையைத் தூக்கி, “நல்ல நேரம் போகுது. அவன் மடியிலயே வையி” என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அத்தனை சொந்தத்துக்கும் முன்னால், பிறந்ததிலிருந்து அவரிடம் சொல்லாததைச் சொன்னேன்: “முடியாதுப்பா. எங்க மதினி மடியில வைக்கலன்னா என் புள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்.”

தம்பி எழுந்தே விட்டான். மதினி மேலே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், நான் பிள்ளையைக் கொடுத்தேன். பிள்ளை அவளுடைய சடைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது, மதினியும் கூடவே அழுதாள். கேமராக்காரரை மட்டும் காணவில்லை. சித்தி அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. போனால் போகிறது, மடி கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

கிடா வெட்டிய விருந்து, பந்தி பந்தியாக நடந்தது. நானும் மதினியும் கடைசிப் பந்தியில் சாப்பிட்டோம். யாரும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. பரவாயில்லை, இடம் தாராளமாக இருந்தது. சாப்பிட்டதும் அவள், “கூடை எடுத்துக்கலாமா?” என்றாள். கை கழுவும் இடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனோம்.

ஒன்பது கூடைகளும் வரிசையாக இருந்தன. ஒன்பதிலும் எச்சில் இலை. கறிக்குழம்பு வழிந்த இலை, எலும்பு, கசங்கிய காகிதக் குவளை. இலை எடுக்கும் பெண் ஒருத்தி அக்காவின் கூடையில் அள்ளிப் போட்டுக் காலால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்டபோது, “பெரியவருதான்க்கா குடுத்தாரு. இத வச்சுக்கங்கன்னு அவரே எடுத்துப் போட்டாரு” என்றாள். எந்தப் பெரியவர் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பக்கத்தில் திண்டின்மேல் ஈரச்சாக்கு விரித்து, வெற்றிலை கவுளி கவுளியாக அடுக்கியிருந்தது, ஒரு இலைகூடக் கிழியாமல், காம்பெல்லாம் ஒரே பக்கமாக. அந்த அடுக்கு எங்கள் அப்பாவின் கைக்கு மட்டும்தான் வரும்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அம்மாவாக இருந்தால், கூடை என்றால் அதற்குத்தானே என்று சொல்லியிருப்பாள், நானும் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் இவருக்கு எது யார் என்று தெரியும். விளிம்பைத் தடவிப் பார்த்தவர். நான் சபையில் அவரை எதிர்த்ததற்கு என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைத் தொடவில்லை. எங்கே தொட்டால் வலிக்கும் என்று பார்த்துத் தொட்டிருக்கிறார்.

மதினி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கும் அந்த வெற்றிலை அடுக்கு தெரிந்திருந்தது. ஒவ்வொரு கூடையாகத் தரையில் கவிழ்த்தாள். கடைசியாக அவள் அம்மாவின் கூடை. அதைக் கவிழ்க்காமல், அப்படியே இலையும் எலும்புமாகத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாமே என்று இப்போதும் கேட்கிறார்கள். நிறுத்தத் தோன்றவில்லை.

அப்பா வாசல் பக்கம் பங்காளிகளோடு உட்கார்ந்திருந்தார். புது வேட்டி. மதினி அவர் முன்னால் போய் நின்றாள். குனிந்து, கூடையை அவர் மடியில் வைத்தாள்.

“அண்ணே, இது எங்கம்மா. மடியில வச்சுக்க.”

குழம்பு கூடையின் அடியில் கசிந்து வேட்டியில் இறங்கியது. பங்காளிகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். சித்தி எங்கிருந்தோ கத்திக்கொண்டு வந்தாள். அப்பா கத்தவில்லை, கூடையைத் தள்ளிவிடவும் இல்லை. இரண்டு கையையும் நாற்காலிக் கைகளின்மேல் வைத்துக்கொண்டு, முன்னால் எதையோ பார்த்தபடி இருந்தார். மதினி காத்துக்கொண்டு நின்றாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஒன்றும் வரவில்லை என்றானதும் அவளே கூடையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

ஒன்பதையும் கழுவினோம். புல்லுக்குள் இறங்கிய மஞ்சளும் எண்ணெயும் போகவில்லை. ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் மறுபடி தட்டையாக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றை மட்டுமாவது பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். “வேணாம் மாப்ள. அங்க அம்மா கேப்பாங்க, எல்லாரும் வந்துட்டாங்களான்னு” என்றாள்.

அதன்பின் அப்பா என் வீட்டுப் படி ஏறவில்லை. நானும் சோழவந்தான் போகவில்லை. அண்ணன் என்னோடு மட்டும் பேசுகிறான். விழா ஆல்பத்தில் சீர் வரிசை இருக்கிறது, சித்தி இருக்கிறாள், மடி இல்லை. எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், மாமனார் மடியில் எச்சில் கூடையை வைத்த மருமகள் என்றுதான் அவளைச் சொல்வார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது அவர்களுக்கு. அதில் பொய்யும் இல்லை. வைத்தாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்குப் பின்கட்டில் இன்னும் எட்டுக் கூடைகள் இருந்தன. மண்டபத்தில் மடிகளுக்கும் குறைவில்லை. ஒன்றோடு நிறுத்திக்கொண்டது அவள்தான்.